காயாத கூடுகள்

நாலு மணி வெயில் சங்கரம்மாள் வீட்டு முற்றத்தில் இன்னும் காந்துகிறது. கரிசல் தரையில் விரித்த சாக்கில் தீப்பெட்டிக் கூடுகள் காய்கின்றன. பிள்ளைகள் பசிக்குத் தின்றுவிடக் கூடாதென்று மயில்துத்தம் கலந்த மாவுப்பசை தகரத்தில் புளித்து நாறுகிறது. லீவில் கல்விச் சங்கத்தின் மாலை வகுப்பில் தொண்டு செய்ய வந்த காலேஜ் மாணவி ஜெயகுமாரி ஓரமாக நிற்கிறாள். "இதெல்லாம் காஞ்சு மூடை கட்டுன பொறவுதான் பிள்ள ஒங்க வகுப்புக்கு வருவா" என்று முகம் பாராமல் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போயிருக்கிறாள் சங்கரம்மாள். மகள் வேலுத்தாய் உள்ளே அவசரமாய்த் தலை சீவுகிறாள். ஜெயகுமாரிக்குப் பொறுக்கவில்லை. கூடுகளை வாரி வாரி மூடையில் போட்டு அமுக்குகிறாள். குடத்தோடு திரும்பிய சங்கரம்மாள் மூடைக்குள் கைவிடுகிறாள். நசுங்கி ஒட்டிக்கொண்ட கூடுகள் கொத்தாக வருகின்றன.

"ஈரத்தோட அமுக்கிட்டீயளே. காலேசுல இதத்தான் படிச்சுக் குடுத்தாவளா?"

"சீக்கிரம் முடிஞ்சா இவ வருவான்னு…"

"இனி எங்கன வர? அம்புட்டும் போச்சு. ஏட்டி, வந்து ஒட்டு."

ரிப்பன் கட்டிய தலையோடு வெளியே வந்த வேலுத்தாய் மூடையைப் பார்க்கிறாள். பசைத் தகரத்தின் முன் உட்காருகிறாள். ஜெயகுமாரியும் பக்கத்தில் குந்திப் பசைக்குக் கை நீட்ட, சிறுமி தகரத்தை மறுபக்கம் நகர்த்திக்கொள்கிறாள். முதல் கூட்டை ஒட்டிச் சாக்கில் வைக்கிறாள். ஜெயகுமாரியின் நிழல் அதன்மேல் விழுகிறது.

"வெயில மறைக்காதிய" என்கிறாள் வேலுத்தாய். அச்சு அசலாய்த் தாயின் குரல்.