பத்தடி தூரம்

“இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்பேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இங்க இருக்க மாட்டேன்” என்றார் கர்னல் சாமிநாதன்.

“மின்சக்தித் துறை பிரேம்நாத் சார் ஆம்பூருக்குள்ள வந்துட்டார் சார். ஒரு ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணுமாம். வாங்கினதும் வந்துடுவார்” என்றாள் நந்தினி.

“இதையேதான் பத்து மணிக்கும் சொன்னீங்க.”

கர்னலின் கோபத்தில் நியாயம் இருந்தது. ராணுவம், மின்சக்தித் துறை, சுற்றுச்சூழல் துறை என்று மூன்று துறைகள் கைகோத்த திட்டம் இது. ஒரு துறையின் காகிதம் அடுத்த துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துவிடும். அப்படியும் இரண்டே வருடத்தில் நந்தினியின் குழு அந்த இயந்திரத்தைச் செய்து முடித்திருந்தது. தோல் பதனிடும்போது சுரண்டி எறிகிற கொழுப்பையும் சவ்வையும் மக்க வைத்து, அதில் வரும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிற இயந்திரம். பனிமலைக் காவல் சாவடிகளில் டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாக அதை வைக்க வேண்டும் என்பது திட்டம்.

முதல் சோதனையில் உறுமல் கேட்கிறது என்று கர்னல் ‘தோல்வி’ எழுதினார். இரண்டாவது சோதனையில் வாடை வருகிறது என்று எழுதினார். இன்று மூன்றாவது. இதிலும் தோற்றால் திட்டத்தை மூடிவிடும் உத்தரவு அவருடைய கோப்பிலேயே தயாராக இருந்தது.

“இந்தப் பக்கம் வந்து உக்காருங்க சார். இங்க காத்து ஜாஸ்தி” என்று குர்ஷித் நாற்காலியை மின்விசிறிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டார். முப்பது வருடம் தோல் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். இப்போது நந்தினிக்கு வலது கை.

கர்னல் உட்கார்ந்து, செல்போனை சார்ஜரில் செருகினார். எதிரே தரைவரை விரிப்பு தொங்கிய மேஜையில் சோதனைக் கோப்பை வைத்தார்.

“என் கண்டிஷன் ஒண்ணே ஒண்ணுதான். பத்தடி தூரத்துல இருக்கறவனுக்கு மெஷின் ஓடறதே தெரியக் கூடாது. சத்தமும் கூடாது, வாடையும் கூடாது. அதைக்கூட உங்களால செய்ய முடியலையே.”

“எனக்கு அது தெரியும் சார்” என்றாள் நந்தினி. “எங்க அண்ணன் பூவரசன் அந்த மலைமேலதான் இருக்கார். சத்தம் எதிரிக்குக் கேட்டுடும்னு ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்திடறாங்களாம். குளிர்ல வெறச்சுப் போய் உக்காந்திருக்காங்களாம். ரெண்டு வருஷமா நான் சரியா தூங்கல சார்.”

கர்னலின் குரல் சற்று இறங்கியது. “புரியுதும்மா. ஆனா பரிதாபப்பட்டு நான் பாஸ் போட முடியாது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அரை கிலோமீட்டர்ல இருக்கற ஜெனரேட்டரை காதாலயே கண்டுபிடிச்சவன் நான். என்னை ஏமாத்துற மெஷினைத்தான் என் பசங்களுக்குக் குடுப்பேன்.”

குர்ஷித் டீக்கடையிலிருந்து வாங்கி வந்த டீயை வைத்தார். கர்னல் உறிஞ்சிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிரே சின்ன ஷூ கம்பெனியின் பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“வேலை நேரத்துல இன்னா அரட்டை இவங்களுக்கு? ஒரு தையல் மெஷின் சத்தம்கூட காணோம்.”

“அவங்களுக்கு இன்னிக்கு ரெஸ்ட் சார்” என்றார் குர்ஷித்.

“உங்க மெஷினுக்கும் ரெஸ்ட்தான் போலிருக்கு. எங்கதான் வெச்சிருக்கீங்க அதை?”

“பத்திரமா இருக்கு சார். பிரேம்நாத் சார் வந்ததும் காட்டிடறோம்” என்றாள் நந்தினி.

பன்னிரண்டரை ஆயிற்று. கர்னல் பேனாவை எடுத்தார். ‘மூன்றாம் சோதனை: இயந்திரம் இயக்கிக் காட்டப்படவில்லை. தோல்வி’ என்று நிதானமாக எழுதினார். கையெழுத்துக்காகப் பேனா இறங்கிய நேரத்தில் கதவு திறந்தது. மின்சக்தித் துறை அதிகாரி பிரேம்நாத் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து உள்ளே வந்தார்.

“சாரி சார். இந்தக் கடிதத்துக்காக மின்வாரிய ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் நிக்க வேண்டியதாப் போச்சு. பேஜார் சார்.”

“எனக்குக் கடிதம் எதுக்கு? நான் மெஷினைப் பார்க்க வந்தேன்.”

“ஒரே ஒரு தடவை படிச்சுடுங்க சார்” என்றாள் நந்தினி.

கர்னல் வேண்டாவெறுப்பாகக் காகிதத்தைப் பிரித்தார்.

‘மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக, இந்தப் பகுதி முழுவதும் இன்று காலை ஒன்பது மணி முதல் மின்சாரம் நிறுத்தப்பட்டுள்ளது. மாலை ஐந்து மணி வரை மின் விநியோகம் இருக்காது என்று சான்றளிக்கப்படுகிறது.’

இரண்டாம் முறையும் படித்தார். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்தினார். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. செல்போன் நூறு சதவீதம் காட்டியது.

கர்னல் மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மின்விசிறிக் காற்றையும் வேப்பமரத்தடிப் பெண்களின் சிரிப்பையும் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

“முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க தேடியிருப்பீங்க சார். தெரியாம உக்காந்திருந்தாதான் அது சோதனை” என்றாள் நந்தினி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கர்னல் எழுதியதைக் குறுக்கே அடித்தார். ‘வெற்றி’ என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்று அவளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

“பத்தடிதான் கேட்டேன். எத்தனை அடியில வெச்சிருக்கீங்க?” என்று கேட்டபடி மேஜைமேல் கையை ஊன்றிக் குனிந்து சுற்றுமுற்றும் தேடினார்.

குர்ஷித் மேஜை விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கையைக் கொஞ்சம் எடுங்க சார், காட்டறேன்.”