எட்டாவது முத்திரை

"மறுபடியும் கடல்லயா இறக்கிட்டேன்?" என்று கேட்டார் தலைவர் குரமோச்சி.

"இல்லைங்க தலைவரே. கடல்தான் இன்னிக்குக் கொஞ்சம் மேலே வந்துடுச்சு," என்றார் பொதுமேலாளர் தோகாஷி.

விமானம் ஓட்டப் பழகும் சிமுலேட்டரின் திரையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தோகாஷி உட்பட, பின்னால் நின்ற ஏழு மேலாளர்களும் கைதட்டினார்கள். காலையிலிருந்து இது மூன்றாவது விபத்து. மூன்றாவது கைதட்டலும்கூட.

விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மூத்த விமானி இசோபே மட்டும் கைதட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த விமான நிறுவனத்தின் புது விமானம் முதல்முறையாக ககோஷிமாவுக்குப் பறக்கிறது. நூற்றெண்பது இருக்கை, ஊழியர்களின் குடும்பங்களுக்கு இலவசப் பயணம். "அதை நானே தரையிறக்குவேன்" என்று போன வாரம் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் தலைவர் அறிவித்திருந்தார். குவாம் தீவில், இரண்டே இருக்கை உள்ள விமானத்தில், நாற்பத்திரண்டு மணி நேரம் பறந்தவர் அவர். சட்டம் இதற்கு இடம் கொடுக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதைத் தலைவரிடம் எந்தத் துறை எடுத்துச் சொல்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இசோபேயின் மனைவிக்கும் இரண்டு மகள்களுக்கும் பதினான்காம் வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"இறங்கின விதம் எப்படி?" என்றார் தலைவர்.

"கம்பீரமா இருந்துச்சுங்க," என்றார் விற்பனை மேலாளர்.

"சின்ன விமானமோ பெரிய விமானமோ, எல்லாம் ஒண்ணுதானே தோகாஷி?"

"ரெண்டுக்கும் ரெண்டு இறக்கைதானுங்களே."

தலைவர் இசோபே பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

இசோபே வாயைத் திறப்பதற்குள் தோகாஷி ஒரு தாளை நீட்டினார். 'இவ்விமானத்தைத் தரையிறக்கத் தலைவர் முழுத் தகுதி உடையவர்.' கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, ஏழு மேலாளர்களின் சிவப்பு முத்திரைகள். ஏழும் தலைவரின் பெயர் இருந்த பக்கமாகச் சாய்ந்திருந்தன. பதவியில் கீழே இருப்பவரின் முத்திரை, மேலே இருப்பவரைப் பார்த்துக் குனிந்துதான் விழ வேண்டும். அலுவலக மரியாதை அது. சோதனை தொடங்குவதற்கு முன்பே குனிந்துவிட்டதால் மை நன்றாகக் காய்ந்திருந்தது.

எட்டாவது கட்டம் இசோபேக்கு.

"குத்துங்க இசோபே. எல்லாருக்கும் சாப்பாட்டு நேரமாச்சு," என்றார் தோகாஷி.

இசோபே முத்திரையைக் கையில் எடுத்தார். பதினான்காம் வரிசை கண் முன்னால் வந்து நின்றது. முத்திரையைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார்.

"முடியாதுங்க."

"எது முடியாது?" என்றார் தலைவர்.

"உங்களால இறக்க முடியாதுங்க. குவாம்ல நீங்க ஓட்டினது காத்தாடி மாதிரி. இது அறுபது டன். இருபது கிலோமீட்டருக்கு முன்னாடியே இதோட வேகத்தைக் குறைக்க ஆரம்பிச்சிருக்கணும். நீங்க ஓடுபாதை கண்ணுல பட்டப்புறம்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறீங்க. என் பொண்டாட்டி பிள்ளைங்க அதுல வர்றாங்க. நான் குத்த மாட்டேன்."

யாரோ இருமத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏழு மேலாளர்களும் அவரவர் காலணியை ஆராய்ந்தார்கள்.

தலைவரின் முகம் சிவந்தது. "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? பயிற்சி குடுக்கிற விமானியே தடுக்கிறார். அப்புறம் நான் எப்படி ஓட்டுறது? ஞாயித்துக்கிழமை நான் ஓட்டலை. பத்திரிகைக்காரங்க கேட்டா காரணம் இவர்தான்னு சொல்லுங்க. இசோபே, என் அறைக்கு வாங்க."

லிஃப்ட் வரை கூடவே வந்தார் தோகாஷி. "உங்க மேசையைக் காலி பண்ண ஒரு அட்டைப்பெட்டி அனுப்பட்டுமா? பெருசா, சின்னதா?"

"சின்னதே போதும்," என்றார் இசோபே. வேலை போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் பத்திரமாக வீடு திரும்புவார்கள். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போய்விட்டது.

அறைக்குள் போனதும் தலைவர் கதவைத் தாழிட்டார். டையைத் தளர்த்தினார். பிறகு, பங்குதாரர்கள் கூட்டத்தில்கூட வளையாத இடுப்பை வளைத்து, இசோபேயின் முன் ஆழக் குனிந்து வணங்கினார்.

"ஏன்யா இவ்வளவு நேரம்?" என்றார். "பேப்பர்க்காரங்ககிட்ட வாயைக் குடுத்துட்டு ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கலை. முதல் ரெண்டு தடவை நிஜமாவே இறக்கத் தெரியாமதான் விழுந்தேன், அதுக்கும் கைதட்டினாங்க. யாராவது ஒருத்தன் வேண்டாம்னு சொல்லட்டும்னுதான் மூணாவது தடவை வேணும்னே கடல்ல கொண்டுபோய் விட்டேன். அதுக்கும் கைதட்டினா நான் என்னதான்யா பண்றது?"