யூரியா மட்டும் வேணாம்

அன்புக்கரசியின் உளுந்து வயலில் மஞ்சள் நூலாகப் படர்ந்திருந்த அம்மையார் கூந்தல் கொடியைப் பார்த்து வேளாண் அதிகாரி சகாயராஜ் பதறினார்.

"இது உளுந்தோட சத்தை உறிஞ்சுற கொடிம்மா. யூரியா மட்டும் போட்டுடாதீங்க!"

"போட்டா என்னாங்க சார் ஆவும்?"

"உளுந்து, வேண்டிய தழைச்சத்தை வேருலயே சேத்துக்கும். மேற்கொண்டு யூரியா போட்டா, அதையும் கொடிதான் குடிச்சுக் கொழுக்கும்."

"எத்தினி நாள்ல சார் கொழுக்கும்?"

"பத்தே நாள்ல!"

இவ்வளவு அக்கறையாகக் கேட்கும் விவசாயியை அவர் பார்த்ததில்லை. பூரித்துப்போய் பைக்கைக் கிளப்பினார்.

அவர் தலை மறைந்ததும், விருத்தாசலம் போயிருந்த கணவனைச் செல்லில் கூப்பிட்டாள் அன்புக்கரசி.

"ஏங்க, உளுந்து போனா போவுது. முடித் தைலம் காய்ச்சுற வைத்தியருகிட்ட, அவரு நல்ல வெலைக்குக் கேட்ட கொடி பத்து நாள்ல வந்துடும்னு சொல்லிடுங்க. வரும்போது ரெண்டு மூட்டை யூரியா வாங்கியாங்க."