ஒரு நாள் பக்கவாதம்

“நாளைக்கு ஒரே ஒரு நாள் உனக்குப் பக்கவாதம் வந்திருக்கணும்,” என்றார் கல்லூரி முதல்வர்.

வாட்ச்மேன் பதறவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டார்.

“இடது பக்கம்.”

“சௌகரியமாப் போச்சு.”

விஷயம் இதுதான். அது ஆக்குபேஷனல் தெரபி கல்லூரி. நோயில் விழுந்து எழுந்தவர்களுக்குச் சட்டை போட, டீ போட, தலை சீவ மறுபடி பழக்கிவிடும் படிப்பு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கவுன்சிலிலிருந்து ஆள் வந்து பார்த்து ஒப்புதல் தரவேண்டும். தராவிட்டால், நாற்பது பிள்ளைகள் வாங்கப்போகும் பட்டத்தால் விசிறிக்கொள்ளலாம். வேலைக்குப் போக முடியாது.

பக்கத்து ஆஸ்பத்திரி செவ்வாயும் வியாழனும் மட்டுமே வேனில் நோயாளிகளை அனுப்பும். கவுன்சில் அம்மா புதன்கிழமை வருகிறேன் என்று செவ்வாய் சாயங்காலம் தகவல் அனுப்பிவிட்டார். பயிற்சி அறையில் ஒரு நோயாளிகூட இல்லையென்றால் முதல் பக்கத்திலேயே பேனாவை மூடிவிடுவார். குளியலறைக் கைப்பிடி இரண்டு விரல் கூடுதல் உயரத்தில் இருந்ததற்காக ஒரு கல்லூரியையே இழுத்து மூடவைத்தவர் என்று பேச்சு. அந்தக் கைப்பிடி இன்னமும் பயத்தில் ஆடிக்கொண்டிருக்கிறதாம்.

“வாத்தியாருங்க யாராவது நடிக்கலாமே சார்?”

“அவங்க போட்டோ எல்லாம் விண்ணப்பத்துல ஒட்டியிருக்கு. உன் மூஞ்சி ஒண்ணுதான் மிச்சம்.”

முதல்வருக்கு இந்த ஆள்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. எப்போது பார்த்தாலும் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு ஒய்யாரமாக நிற்பார். கார் வந்தால் கேட்டின் ஒரு கதவைத் தள்ளிவிட்டு, ஆடி அசைந்து போய் அடுத்த கதவைத் தள்ளுவார். பிள்ளைகள் ‘மகாராஜா’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“நல்லாக் கேட்டுக்கோ, மகாராஜா. ரெண்டு மாசமா இங்க பயிற்சிக்கு வர்றேன்னு சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறக்காதே. சொதப்பினா காலேஜோட உன் வேலையும் சேர்ந்து போகும்.”

“பார்த்துக்கலாம் சார்.”

மறுநாள் பயிற்சி அறையில், “சட்டையைப் போடுங்க, பார்ப்போம்,” என்றார் கவுன்சில் அம்மா.

வாட்ச்மேன் சட்டையை மடியில் விரித்தார். துவண்டு தொங்கிய இடது கையை வலது கையால் தூக்கி, முதலில் அதைச் சட்டைக்குள் விட்டு முழங்கைக்கு மேல் ஏற்றினார். பிறகு சட்டையை முதுகைச் சுற்றி இழுத்து வலது கையை நுழைத்தார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒற்றைக் கையால் போட்டார். டீ போடச் சொன்னதும், கோப்பை நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணியை விரித்தார். சர்க்கரை டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கித் திறந்தார்.

முதல்வருக்குக் கண் விரிந்தது. அடப்பாவி, இத்தனை நாளும் இந்தத் திறமையைக் கேட்டில் வீணடித்துவிட்டோமே.

அந்த அம்மா அவருடைய இடது தோள்மூட்டில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் முகத்தையும் பார்த்தார்.

“எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டரை வருஷமாங்கம்மா.”

முதல்வர் பல்லைக் கடித்தார். ரெண்டு மாசம் என்று சொல்லிக் கொடுத்தால் இவன் ஏலத்தில் ஏற்றுவதுபோல் ஏற்றுகிறானே.

“யாரு பழக்கினது?”

“இங்க நடத்துற பாடந்தாம்மா. ஒண்ணு விடாம கேட்டுச் செய்வேன்.”

“நல்லா நடத்துறாங்களா?”

“ரெண்டாம் வருஷத்து டீச்சர் கொஞ்சம் வேகம். ஆனா விஷயம் இருக்கும்.”

முதல்வர் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா கையை நீட்டினார். “இவ்வளவு நல்லாப் பழகின நோயாளியை நான் எந்தக் காலேஜ்லயும் பார்க்கல. அவர் ஃபைலைக் கொடுங்க. முதல் நாள் என்ன முடிஞ்சது, வாராவாரம் என்ன முன்னேற்றம்னு பார்க்கணும்.”

பக்கவாதம்வரை யோசித்த முதல்வர் ஃபைல்வரை யோசிக்கவில்லை. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

“மன்னிச்சிடுங்க மேடம். அவர் நோயாளியே இல்ல. எங்க வாட்ச்மேன். நான்தான் நடிக்கச் சொன்னேன்.”

அந்த அம்மா கோபப்படவில்லை. வெளியே எட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் அறை இரண்டாம் வருட வகுப்பின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அந்த அறையையும் மேலே ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவரைக் கூப்பிடுங்க.”

வாட்ச்மேன் சீருடைக்கு மாறியிருந்தார். பழையபடி கை பைக்குள் போயிருந்தது.

“அஞ்சு வருஷத்துக்கு ஒப்புதல் கேட்டிருக்கீங்க,” என்றார் அந்த அம்மா முதல்வரிடம். “சொன்ன பொய்க்கு நாலைக் கழிச்சுட்டு ஒரு வருஷத்துக்குப் பரிந்துரை பண்றேன். அதுவும் நீங்க பாடம் நடத்துற அழகுக்காக. ஒரே ஒரு நிபந்தனை. இன்னைக்கே இவர் பேர்ல ஒரு ஃபைல் தொடங்கணும்.”

முதல்வருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. “நடிச்சவருக்கா மேடம் ஃபைலு? மகாராஜா, நடிப்பெல்லாம் முடிஞ்சுது. பையில இருந்து கையை எடுய்யா.”

வாட்ச்மேன் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையைப் பைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இன்னைக்கு நான் நடிக்கல சார். வேலை போயிடுமேன்னு ரெண்டரை வருஷமா உங்க கேட்டுல நின்னேனே, அதுதான் நடிப்பு.”