முதல் பக்கத்தில் ஒரு பெயர்

சுத்தமான பகல் கொள்ளை. மூன்று வருஷம் உயிரைக் கொடுத்து அவள் எழுதிய புரோகிராமின் முதல் பக்கத்தில், அவள் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டிருந்தார் ஒண்டிக்கட்டை.

ஒண்டிக்கட்டை என்பது அவள் பிரிவின் தலைவர். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. கேன்டீனில் ஆறு பேர் மேசையில் தனியாக உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் குடையைத் துணைக்கு வைத்துக்கொண்டு சாப்பிடுகிற ஆசாமி.

அவர்கள் செய்தது இரட்டைக் குணமுள்ள விமான எஞ்சின். நீண்ட பயணத்தில் கஞ்சன் மாதிரி எரிபொருளைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். வேகம் கேட்டால் அசுரனாக மாறும். மாறுகிற அந்த இரண்டு விநாடிதான் கண்டம். காற்று ஒரு நூல் பிசகினாலும் நடுவானில் இருமி அணைந்துவிடும். அதை இருமாமல் மாற்றிவிடுவதுதான் அவள் புரோகிராம்.

நேராகப் போய்க் கேட்டாள். "என்ன சார் இது?"

அவர் நிமிரவே இல்லை. "ரெண்டு மூணு இடம் நானும் திருத்தினேனேம்மா."

"கமா போட்டதெல்லாம் திருத்தமா சார்?"

"பெரிய கமா," என்றார்.

அன்றோடு பேச்சு நின்றது. கேன்டீனே அவள் பக்கம் சாய்ந்தது. அவருக்குக் குடைதான் மிச்சம். வீட்டில் கணவனிடம் சொல்லி அழுதாள். மடியிலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தை அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது.

எஞ்சின் முதல்முறையாக வானில் ஏறும் காலை. இனித் தாங்காது என்று டைரக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்து கொட்டித் தீர்த்தாள்.

கேட்டு முடித்து, டைரக்டரம்மா ஒரு படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். அதில், பிரிவுத் தலைவர்களுக்கு மட்டும் போன மாதம் தெரிவித்திருந்த புது விதி: முதல் பறப்பில், புரோகிராம் எழுதியவர் பைலட்டுக்குப் பின்சீட்டில் உட்கார வேண்டும்.

"உனக்குப் பதிலா தான் ஏறப்போறதா உங்க தலைவர் எனக்கே இன்னிக்குக் காலையிலதான் சொன்னார். இறங்கினதும் உன் பேரைத் திரும்பப் போடணும்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கார். முன்னாடியே சொன்னா நீயே ஏறிடுவியாம்."

"என் புரோகிராம் மேல சந்தேகமா அவருக்கு?"

"துளிகூட இல்லையாம். ஆனா கைக்குழந்தைக்காரியை வச்சுச் சோதிக்க வேண்டாம்னார்."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விமானம் கிளம்பிவிட்டது.

படிவத்தின் அடியில், 'ஆபத்து நேர்ந்தால் தெரிவிக்க வேண்டியவர்' என்ற இடத்தில் அவர் வெறும் கோடு இழுத்திருந்தார்.

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அந்தக் கோட்டின் மேல் தன் பெயரை எழுதினாள்.