கருவேல மரத்துப் பள்ளிக்கூடம்

அந்தந்த மரத்துப் பழத்தை வைத்துத்தான் அந்தந்த மரத்துப் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும் என்பது காட்டுச் சட்டம். மாமரத்துப் பள்ளிக்குக் கொண்டாட்டம். கருவேல மரத்தில் என்ன இருக்கிறது, முள்தான்! அங்கே டீச்சராக இருந்த காகம், சேர வந்த குயில் குஞ்சை வாசலிலேயே மடக்கியது.

"குரலே சரியில்லை. வேற மரம் பாருங்க."

வேறு எந்த மரமும் சேர்க்கவில்லை. தாய்க்குயில் அழுதது.

அந்த வாரமே சட்டம் மாறியது. எல்லாப் பழமும் பொதுக் குவியலுக்கு. பள்ளியில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை பங்கு.

விடிந்ததும் காகம் குயிலின் கிளையில் நின்றது.

"பாப்பாவை அனுப்பலையாம்மா?"

"குரல் சரியில்லைன்னீங்களே டீச்சர்?"

"பாட்டு வகுப்புக்கு அந்தக் குரல்தானே வேணும்!"

அப்பாடா என்றிருந்தது குயிலுக்கு. குஞ்சின் இறகைக் கோதி அனுப்பி வைத்தது.

கிளம்பிய காகம் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டது: "அடுத்த முட்டை எப்பம்மா? என் கூடு சும்மாதான் இருக்கு."