மைக் சரிபார்க்க ஒரு பாட்டு

பாறசாலை கலாசமிதி ஆண்டுவிழா மேடையில், கச்சேரிக்கென்று உடுத்தி வந்த பட்டுச் சேலையோடு ஸ்டெல்லாபாய் பாடிக்கொண்டிருக்கிறாள். நாற்பது வருஷத்துக்கு முன்பு மதராஸிலிருந்து கார் அனுப்பி, அவளைக் கூட்டிப்போய் இசைத்தட்டில் பதிவுசெய்த அவளுடைய பாட்டு. மூன்று மணி வெயிலில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. மைக்செட்டுக்காரன் சிஜு தென்னையில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்புகிறான். "இன்னும் மேல பிடிங்க மாமி!" குரல் உச்சியில் பிசிறில்லாமல் நிற்கிறது. ரோட்டில் ஐஸ்காரன் மணியடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான். சிஜு சறுக்கி இறங்குகிறான். "மதி, மதி, பாடினது போரும் மாமி, செட்டு ஓக்கேயாக்கும். ராத்திரி இந்தப் பாட்ட திருவனந்தபுரத்து கொச்சுப்பொண்ணு பாடுவா. நீங்க முன்னாடி கசேரயில இருந்து கேட்டா போரும்." சுவிட்சை அணைக்கிறான். செத்த மைக்கின் முன்னால் அவள் சரணத்தைத் தொடங்குகிறாள். ஐஸ்காரன் மறுபடியும் மணியடிக்கிறான்.